ராஜா வீட்டிலேயே இருக்க வேண்டுமா?

எங்கள் காலனியின் சமூகக் கூடத்தில் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டி நடந்தது. தில்லியில் தமிழர்கள் கூடுகிற இடங்களில் முன்பெல்லாம் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம் என்று இரண்டு வகுப்புகள்தான் இருக்கும். இப்போது மூன்றாவதாகச் சதுரங்கமும் சேர்ந்துவிட்டது. வரவேற்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அன்று அங்கே கண்ட ஒரு காட்சி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. இரு தரப்பிலும் ஆளுக்கு ஒரு யானை, சில சிப்பாய்கள், ராஜா. அவ்வளவுதான் மிச்சம். பையன் சற்று யோசித்தான். பிறகு மூலையில் பதுங்கியிருந்த தன் ராஜாவைக் கிளப்பி, ஒவ்வொரு கட்டமாக எதிரியின் பக்கம் நடத்தத் தொடங்கினான். வழியில் ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தான்; பொருட்படுத்தவில்லை. ராஜா ஆறாவது வரிசை வரை போய் நின்றது. ஆட்டம் அவன் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் கடிகாரத்தில் நேரம் குறைந்திருந்ததால் பதறிப் போய் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தான். யானை பறிபோயிற்று, ஆட்டமும் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் அவனுடைய பயிற்சியாளர் வந்தார். "ராஜாவை யாரடா உலாவப் போகச் சொன்னது?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த ஆட்டத்தில் எட்டாவது நகர்விலேயே கோட்டை கட்டி ராஜாவை உள்ளே வைத்தான். ஆட்டம் முடியும்வரை அதைத் தொடவில்லை. இறுதி ஆட்டம் வந்தபோதும் தொடவில்லை. வென்றிருக்க வேண்டிய அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். ஆனால் அன்று அவர் சொன்னது தவறு. அந்தப் பையன் செய்த பிழை யானையை வைத்த இடத்தில் இருந்தது. ராஜா நடந்த வழியில் அல்ல. பிழையை விட்டுவிட்டு, சரியாகச் செய்த காரியத்தைக் கேலி செய்தால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

பயிற்சியாளர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிதாக ஆடக் கற்றவர்கள் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை ராஜாவை நடுப்பலகையில் அம்போவென்று விட்டுவிட்டதால் தோற்றவை. ஆகவே முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளுக்குள் கோட்டை கட்டு, ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்களை அசைக்காதே என்று சொல்லிக் கொடுப்பது சரிதான். தெருவைக் கடக்கத் தெரியாத குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல. ஆனால் இருபது வயதிலும் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வோம்? ராணிகள் பலகையை விட்டுப் போனபிறகும் ராஜாவை வீட்டிலேயே பூட்டி வைக்கும் ஆட்டம் அப்படிப்பட்டதுதான். இறுதி ஆட்டத்தில் ராஜா ஒரு மந்திரிக்கோ குதிரைக்கோ குறைந்த காய் அல்ல. சற்று மேலானது என்றே தேர்ந்த ஆட்டக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அதை ஆடாமல் வைத்திருப்பவன் ஒரு காய் குறைவாக ஆடுகிறான்.

ராஜாவின் நடையில் ஒரு விசித்திரமான கணக்கும் உண்டு. பலகையின் ஒரு மூலையிலிருந்து அதே ஓரமாக நேரே மேல் மூலைக்குப் போக ராஜாவுக்கு ஏழு நகர்வுகள் வேண்டும். நேராகப் போகாமல், முதலில் குறுக்காக நடுப்பலகைக்கு ஏறி, அங்கிருந்து திரும்பவும் குறுக்காக ஓரத்துக்கு வந்து சேர்ந்தால் எத்தனை நகர்வு? எண்ணிப் பாருங்கள். அதுவும் ஏழுதான். நம் தெருக்களில் சுற்றுவழி போனால் கால் வலிக்கும். சதுரங்கப் பலகையில் வலிக்காது. போகிற வழியில் இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டு போகலாம்.

இதை வைத்து ரிச்சர்டு ரெட்டி என்பவர் 1921-ல் ஒரு புதிர் அமைத்தார். பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா வலப்பக்க மேல் மூலையில், எச்8-ல். வெள்ளைச் சிப்பாய் சி6-ல். கறுப்பு ராஜா ஏ6-ல், அந்தச் சிப்பாயை விழுங்கக் காத்திருக்கிறது. கறுப்புச் சிப்பாய் எச்5-ல், கீழே ஓடி ராணியாகக் காத்திருக்கிறது. ஆட வேண்டியது வெள்ளை. பார்த்தவுடன் வெள்ளை தோற்றுவிட்டது என்றுதான் எவரும் சொல்வார்கள். கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் இரண்டு அடி பிந்திவிடும். தன் சிப்பாயைக் காக்கப் போனாலும் எட்டாது. வெள்ளை ராஜா இரண்டில் எதையும் தனியாகச் செய்யவில்லை. குறுக்காக ஜி7, எஃப்6, இ5 என்று இறங்கி வருகிறது. மூன்றாவது அடியில் அது நடுப்பலகையில் நிற்கிறது. அதற்குள் கறுப்பு ராஜா வெள்ளைச் சிப்பாயைப் பிடித்திருந்தால், வெள்ளை ராஜா இந்தப் பக்கம் திரும்பிக் கறுப்புச் சிப்பாயைப் பிடித்துவிடும். கறுப்பு தன் சிப்பாயை ஓட்டியிருந்தால், வெள்ளை ராஜா அந்தப் பக்கம் திரும்பித் தன் சிப்பாயைக் கரை சேர்த்துவிடும். எப்படிப் பார்த்தாலும் டிரா. முதன்முதலாக இந்தப் புதிரைப் பலகையில் வைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

புதிர் என்றால் புதிர்தானே, நிஜ ஆட்டத்தில் இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 1924-ம் ஆண்டு நியூயார்க் போட்டியைச் சொல்ல வேண்டும். காபபிளாங்கா, டார்ட்டகோவர் என்னும் மேதையை எதிர்த்து ஆடினார். அன்று காபபிளாங்கா உலக சாம்பியன். யானைகளின் இறுதி ஆட்டம். நம் காலனிப் பையன் ஆடியதும் அதே ரகந்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். காபபிளாங்காவின் ஒரு சிப்பாய் ஆபத்தில் இருந்தது. சாதாரண ஆட்டக்காரர் யானையைத் திருப்பி அதைக் காப்பாற்றப் பார்ப்பார். அவரோ தன் ராஜாவை முன்னே நகர்த்தினார். டார்ட்டகோவரின் யானை முதல் சிப்பாயைச் செக்கோடு எடுத்தது. ராஜா இன்னும் முன்னேறியது. இரண்டாவது சிப்பாயும் செக்கோடு போயிற்று. ராஜா மேலும் முன்னேறி, எதிரியின் ராஜாவுக்கு எதிரே எஃப்6-ல் போய் நின்றது. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு நிற்கிற அந்த நிலையில் வெற்றி காபபிளாங்காவுடையது.

அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். நடந்து போகிற வழியில் எதிரியின் சிப்பாய் ஒன்று ராஜாவுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. எடுத்திருக்கலாம். காபபிளாங்கா எடுக்கவில்லை. அதைத் தாண்டி அதன் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். எடுத்திருந்தால் கறுப்பு யானை அந்த வரிசையில் வந்து செக் வைத்துத் தொல்லை கொடுத்திருக்கும். எடுக்காமல் விட்டதால் எதிரியின் சிப்பாயே வெள்ளை ராஜாவுக்குக் குடை பிடித்தது. இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டவனுக்கே வருகிற நடை.

இவையெல்லாம் ராணிகள் போனபிறகு நடந்தவை. ராணி, யானைகள் எல்லாம் பலகையில் இருக்கும்போதே ராஜா கிளம்பிப் போனதுண்டா? உண்டு. 1991-ல் ஹாலந்து நாட்டின் டில்பர்க் நகரில் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டும் ஹாலந்தின் யான் டிம்மனும் ஆடிய ஆட்டம். ஷார்ட்டின் ராணி எஃப்6-ல் அமர்ந்து கறுப்பு ராஜாவின் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. டி வரிசை முழுவதும் அவருடைய இரண்டு யானைகளின் ஆதிக்கத்தில். டிம்மனிடமும் ராணி, இரண்டு யானை, மந்திரி எல்லாம் இருந்தன. ஆனால் கட்டிப் போட்டதுபோல் இருந்தன. முடிவான அடியைக் கொடுக்க ஷார்ட்டுக்கு ஒரு காய் குறைந்தது. எந்தக் காயைக் கொண்டுவருவது?

31-வது நகர்வில் ராஜாவை எச்2-க்கு வைத்தார். அடுத்தது ஜி3. அப்போதும் டிம்மனுக்குச் சந்தேகம் தட்டியதா தெரியாது. அடுத்தது எஃப்4. அதற்கு அடுத்தது ஜி5. 34-வது நகர்வோடு டிம்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராஜா இன்னும் ஓரடி வைத்து எச்6-க்கு வந்தால் ராணி பக்கத்தில் இறங்கி மேட், தடுக்க வழியில்லை. ராணிகளும் நான்கு யானைகளும் நடமாடுகிற பலகையில், வெள்ளை ராஜா தனியாக நடந்து போய் எதிரி ராஜாவின் வாசற்படியில் நின்றது.

பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டங்களின் நிறத்தைப் பாருங்கள். எச்2, ஜி3, எஃப்4, ஜி5, எச்6 எல்லாமே கறுப்புக் கட்டங்கள். டிம்மனிடம் எஞ்சியிருந்த மந்திரியோ வெள்ளைக் கட்டத்து மந்திரி. அது எங்கே நின்றாலும் இந்தப் பாதையில் நடக்கிற ராஜாவுக்குச் செக் வைக்க முடியாது. கறுப்புக் கட்டத்து மந்திரி ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. ஷார்ட் எடுத்து வைத்த நான்கு அடிகளும் விளக்கு வெளிச்சத்தில் எடுத்து வைத்த அடிகளே. பார்க்கிற நமக்குத்தான் இருட்டாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான நடைகளும் உண்டு. 1912-ல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கர் தன் ராணியைப் பலி கொடுத்து, எதிரியான ஜார்ஜ் தாமஸின் ராஜாவைக் கோட்டையிலிருந்து வெளியே இழுத்தார். செக் மேல் செக். அந்த ராஜா பலகை முழுவதையும் கடந்து வெள்ளையின் முதல் வரிசைக்கே வந்து சேர்ந்தது. அங்கே லாஸ்கர் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியதும் மேட். 1999-ல் விக் ஆன் ஜீ நகரில் காஸ்பரோவ் டோபலோவின் ராஜாவை இதேபோல மறு கரை வரை விரட்டியதைச் சதுரங்கப் பித்துள்ளவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். தாமஸின் ராஜாவும் ஷார்ட்டின் ராஜாவும் நடந்த தூரத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. ஒன்று தானாகப் போனது. மற்றொன்று இழுத்துச் செல்லப்பட்டது. பயிற்சியாளர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இந்த வித்தியாசத்தை. அதைச் சொல்லாமல் "வெளியே போகாதே" என்று மட்டும் சொல்வது பாடம் ஆகாது, பயமுறுத்தல்தான் ஆகும்.

வெறும் விளையாட்டுக்காக ராஜாவை வெளியே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் கார்ல்சனும் நகமுராவும் ஒரு போட்டியில் இரண்டாவது நகர்விலேயே ஆளுக்கொரு பக்கம் ராஜாவை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் ஆட்டி டிரா செய்துகொண்டார்கள். பெரிய மனிதர்கள் செய்தால் வேடிக்கை. மறுநாள் எங்கள் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் அதைச் செய்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. அதற்கும் நான் சொல்வதற்கும் சம்பந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டெயினிட்ஸ் ஐந்தாவது நகர்வில் ராஜாவை வெளியே எடுக்கும் ஒரு ஆரம்ப ஆட்டத்தை நம்பியே ஆடினார். ராஜா தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. 1886-ல் முதல் உலக சாம்பியன் ஆனவர் அவர். அந்த ஆரம்பத்தை இன்று எந்தக் குழந்தைக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையைச் சிபாரிசு செய்வேன்.

ராஜா நடந்தால் அது முன்னோக்கித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெட்ரோசியன் 1960-ல் ஹாம்பர்க்கில் உன்ட்ஸிகரோடு ஆடியபோது, ராஜா பக்கத்துச் சிப்பாய்களை முன்னே தள்ளித் தாக்க நினைத்தார். தாக்குவதற்கு முன்னால், தன் ராஜாவை அந்தப் பக்கத்திலிருந்து கிளப்பி, ஒவ்வொரு கட்டமாக மறு கோடிக்கு நடத்திக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்தார். வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன் பெரியவர்களை ஊருக்கு அனுப்பி வைப்பது போல. உன்ட்ஸிகரால் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இந்த விஷயத்தைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் காய்களின் பெயரில் எப்போதும் ஒரு குழப்பம். நாம் மந்திரி என்று சொல்லும் காயை அவர்கள் ஊண்ட், அதாவது ஒட்டகம் என்கிறார்கள். நமக்கு ராணியாக இருப்பதை அவர்கள் வஜீர் என்கிறார்கள். வஜீர் என்றால் மந்திரி! "உன் மந்திரியை எடுத்துவிட்டேன்" என்று நான் சொன்னால் அவர் ராணியைத் தேடுவார். இருவருக்கும் குழப்பமில்லாத காய் ராஜா ஒன்றுதான். அவர் நினைவுபடுத்தினார்: நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் கோட்டை கட்டுவது என்பதே கிடையாது. அதற்குப் பதிலாக, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை ராஜா குதிரையைப் போலத் தாவலாம் என்று ஒரு சலுகை. மற்றபடி ராஜா தன் காலால் நடந்துதான் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர்தான் பஞ்சாபின் மீர் சுல்தான் கான். 1929-ல் ஒரு பிரபுவின் பரிவாரத்தோடு இங்கிலாந்து போனவர், அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-லும் 1933-லும் மறுபடி சாம்பியன். நடுவில், 1930-ம் ஆண்டு முடிவில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவையே தோற்கடித்தார். மேல்நாட்டுப் புத்தகங்களின் ஆரம்ப ஆட்டங்கள் அவருக்குப் பழக்கமில்லை. நடு ஆட்டமும் இறுதி ஆட்டமும்தான் அவருடைய ஆயுதங்கள். உலகச் சதுரங்க சம்மேளனம் 2024-ல்தான், அவர் மறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. நண்பருக்கு அதில் பெருமையும் உண்டு, தாமதத்தில் வருத்தமும் உண்டு.

ராஜாவை நடத்தத் தெரிந்த பாரம்பரியம் உள்ள நாட்டில், பிள்ளைகளுக்கு ஏன் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை? காரணம் சதுரங்கத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. மாதாமாதம் கட்டணம் கட்டும் பெற்றோர் அடுத்த மாதமே கோப்பையை எதிர்பார்க்கிறார்கள். ஆரம்ப ஆட்டத்தில் நாலு பொறிகளைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த வாரமே இரண்டு பேர் விழுவார்கள், கோப்பை வரும். இறுதி ஆட்டம் அப்படியல்ல. ஒரு ராஜாவையும் ஒரு சிப்பாயையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பலன் இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். அதுவரை எந்தத் தகப்பனார் பொறுமையாக இருப்பார்? போதாக்குறைக்கு, பிள்ளைகள் செல்போனில் மூன்று நிமிஷ ஆட்டங்களை ஆடித் தள்ளுகிறார்கள். ராஜா நடக்க வேண்டிய இடம் வரும்போது கடிகாரத்தில் ஏழெட்டு விநாடிதான் மிச்சம். ஏழெட்டு விநாடியில் யாரும் காபபிளாங்கா ஆக முடியாது. அந்த காபபிளாங்காவேதான், சதுரங்கத்தை இறுதி ஆட்டத்திலிருந்து கற்கத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று நம் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன செய்தி வந்தபோது, எங்கள் காலனியில் இனிப்பு வழங்காத வீடு இல்லை. சீனத்தின் டிங் லிரன் 55-வது நகர்வில் யானையைத் தவறாக வைத்ததையும், குகேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததையும் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தப் போட்டியின் கடைசி நகர்வு எது என்று அன்று ஒருவரையும் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. யானைகளும் மந்திரிகளும் பரிமாறிக்கொண்டு போனபிறகு, 58-வது நகர்வில் குகேஷ் தன் ராஜாவை நடுப்பலகையில் இ5 கட்டத்துக்கு நகர்த்தினார். அதோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த கடைசி அடியை வைத்தது ராஜா.

அடுத்த போட்டியின்போது, மிகச் சிறந்த இறுதி ஆட்டத்துக்குத் தனிப் பரிசு ஒன்று வைக்க வேண்டும் என்று சங்கத்தின் நிர்வாகிகளிடம் சொல்லியிருக்கிறேன். வென்ற ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. தோற்ற ஆட்டத்துக்கும் கொடுக்கலாம். பரிசுத் தொகையைத் தானே கொடுப்பதாகப் பஞ்சாபி நண்பர் முன்வந்திருக்கிறார். மற்றொரு வேண்டுகோள் பயிற்சியாளர்களுக்கு: குழந்தை தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதானால் அதைத் தனியாக உட்கார வைத்து, பலகையில் காய்களை அடுக்கி, எந்த நகர்வில் தவறியது என்று காட்டிப் பேசுங்கள். நாலு பேர் முன்னிலையில் வேண்டாம்.

அந்தப் பையனைப் போன வாரம் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவன் தாயாரும் வந்திருந்தார். ரெட்டியின் நான்கு காய்களையும் பலகையில் வைத்துவிட்டு, வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும் என்றேன். முதலில் ராஜாவை நேராகக் கறுப்புச் சிப்பாயின் பின்னால் துரத்தினான், எட்டவில்லை. பிறகு சி6 சிப்பாயை முன்னே தள்ளிப் பார்த்தான், அதுவும் போயிற்று. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து, "மாமா, ராஜாவை இப்படிக் குறுக்கே நடத்தினால் திட்டமாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு, ஜி7-ல் வைத்தான்.